படத்தின் மேல் அடிக்கோல்

அறிவியல் வரலாற்றில் பயத்துக்கு உரிய மரியாதையை யாரும் கொடுப்பதில்லை. ஆர்வம், விடாமுயற்சி, இரவு பகல் பாராத உழைப்பு என்று பாடப் புத்தகங்கள் அடுக்கிக்கொண்டே போகும். தொடை நடுங்கியதால் பிறந்தது என்று ஒரு கண்டுபிடிப்பையாவது ஒப்புக்கொள்ளாது. அப்படி ஒன்று இருக்கிறது. ஒரு பொருளின் கிட்டேகூடப் போகாமல், அதன் புகைப்படத்தை மேசையில் விரித்து, நீளம் இத்தனை, உயரம் இத்தனை என்று சொல்லும் வித்தை. அது ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்ற ஊரில், 1858-இல், ஒரு தேவாலயத்துச் சன்னல் ஓரத்தில் பிறந்தது.

பெற்றவர் ஆல்பிரெக்ட் மைடன்பாவர், வயது 24. கட்டடக்கலை படித்த இளைஞர். சின்னப் பையன், புதிதாக வந்தவன், மேலே ஏறச் சொன்னால் ஏறுவான் என்று யாரோ நினைத்திருக்கவேண்டும். வெட்ஸ்லார் பேராலயத்தை அளந்து வரைபடம் போடும் வேலை அவர் தலையில் விழுந்தது. அந்தப் பேராலயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 13-ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியது. இன்றுவரை கட்டி முடியவில்லை. முகப்பில் இரண்டு கோபுரம் என்று திட்டம் போட்டு, ஒன்றை எழுப்பிவிட்டு, இன்னொன்றை அப்படியே விட்டுவிட்டார்கள். கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளும் ஒரே கட்டடத்தைப் பங்கு பிரித்துக்கொண்டு கும்பிட்டார்கள். கட்டியவர்களே அலுத்துப்போய் விட்ட சுவரை விரற்கடை பிசகாமல் அளந்து தா என்று பிரஷ்யா கேட்டது. பிரஷ்யா வேறு எப்படியும் கேட்காது.

சாரம் கட்டினால் செலவு, நாளும் இழுக்கும். அதனால் மைடன்பாவர் கயிறும் கப்பியும் போட்டு ஒரு கூடையைத் தொங்கவிட்டு, அதில் ஏறி நின்று, முகப்பின் ஓரமாக மேலும் கீழும் போய் அளந்தார். ஒரு நாள் சாயங்காலம், வேலை முடிந்த அலுப்பில், கூடையிலிருந்து கோபுரத்துச் சன்னலுக்குள் கால் வைத்தார். நியூட்டனின் மூன்றாம் விதி அந்த நேரம் பார்த்துக் கடமையைச் செய்தது. ஆள் முன்னால் போக, கூடை பின்னால் போனது. ஒரு கால் கல்லில், ஒரு கால் கூடையில், நடுவில் வெறும் காற்று. கடைசி நொடியில் வலது கையால் சன்னல் வளைவைப் பற்றிக்கொண்டு, இடது காலால் கூடையை எட்டி உதைத்து, உள்ளே போய் விழுந்தார்.

நாமாக இருந்தால் ராஜினாமாக் கடிதம் எழுதியிருப்போம். இல்லாவிட்டால் நேர்ந்துகொண்டு மொட்டை போட்டிருப்போம். மைடன்பாவர் படியிறங்கும்போது யோசித்தார். கட்டடக்கலைஞன் என்ன செய்கிறான்? தரைப்படமும் முகப்புப்படமும் கையில் இருந்தால், அவற்றிலிருந்து ஒரு இடத்தில் நின்று பார்ப்பவனுக்குக் கட்டடம் எப்படித் தெரியும் என்று வரைந்து காட்டுகிறான். கேமரா அந்தக் காட்சியை ஒரு பைசா கூலி கேட்காமல் வரைந்து தருகிறதே. அப்படியானால் அதே கணக்கைத் தலைகீழாகப் போட்டால் தரைப்படமும் முகப்பும் திரும்பக் கிடைக்க வேண்டாமா? கால் தரையில் இருக்கும்போதே அளந்துவிடலாமா? இந்த இரண்டாவது கேள்விதான் அவரை உந்தியது என்பது என் கட்சி.

தஞ்சாவூர்க்காரர்கள் இங்கே கொஞ்சம் நமுட்டுச் சிரிப்பு சிரிக்கலாம். 50 வருடம் முன்னாலேயே, 1808-இல், வில்லியம் லாம்டன் தன் நில அளவைக்காக, அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியைப் பெரிய கோவிலின் மேல் கயிறு கட்டி ஏற்றினார். கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. கோவில், கயிறு, அளப்பவர் மூன்றும் கூடிய இடத்தில் நல்லது நடந்ததாகத் தெரியவில்லை. மைடன்பாவர் கூடையில் தொங்கிய அதே 1858-இல், லின்னேயஸ் டிரைப் எடுத்த தஞ்சைப் படங்கள் வெளியாயின. பெரிய கோவில் அடிப்பீடத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, 19 அடி நீளத்துக்கு ஒட்டி வைத்த மனிதர் அவர். அதை வைத்துக் கோவிலை அளக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. கூடையில் தொங்காதவருக்கு எப்படித் தோன்றும்?

கணக்கு எளிமையானது, அதுதான் அதன் ஆபத்தும். லென்ஸிலிருந்து கண்ணாடி பிளேட் எத்தனை தூரமோ, அதற்கும் பிளேட்டில் விழுந்த உருவத்துக்கும் என்ன விகிதமோ, அதே விகிதம்தான் லென்ஸிலிருந்து கட்டடம் இருக்கும் தூரத்துக்கும் கட்டடத்தின் உயரத்துக்கும். எட்டாம் வகுப்பு வடிவொத்த முக்கோணம். தூரம் தெரியாதா? இடையில் உள்ள தூரத்தை நாடா பிடித்து அளந்துகொண்டு, இரண்டு இடத்தில் நின்று இரண்டு படம் எடு. ஒரே சன்னல் மூலைக்கு இரண்டு படத்திலிருந்தும் கோடு போடு. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சன்னல் மூலை உட்கார்ந்திருக்கும். ஒரே நிபந்தனை, கேமரா நேர்மையாக இருக்கவேண்டும். கடையில் வாங்கிய கேமரா அப்படி இருக்கவில்லை. மைடன்பாவர் தானே ஒன்று செய்துகொண்டார். லென்ஸுக்கும் பிளேட்டுக்கும் உள்ள தூரம் மாறாது. சாயாமல் நிற்க ரசமட்டம். ஒவ்வொரு படத்தின் நடுவிலும் குறுக்கும் நெடுக்கும் இரண்டு கோடு தானாக விழும். படம் அழகாக இருக்கிறதா என்ற கேள்விக்கே அதில் இடமில்லை.

1867-இல் கேமரா வேலை செய்தது. அதே வருடம் ஃபோட்டோகிராமெட்ரி என்ற பெயரும் பெர்லின் கட்டடக்கலைஞர் சங்கத்தின் வாரப் பத்திரிகையில் அச்சேறியது. அரசு உடனே ஓடி வந்து கட்டிக்கொண்டதா என்றால், வந்தது, 1885-இல். உயிர் தப்பிய நாளிலிருந்து எண்ணினால் 27 வருடம். பெர்லினில் பிரஷ்ய அரச அளவைப்பட நிறுவனம் என்று ஒன்று திறந்து அவரையே தலைவராக்கினார்கள். 1909 வரை அவர் அந்த நாற்காலியை விடவில்லை. பெரும்பாலும் 40 சென்டிமீட்டர் சதுரமான கண்ணாடி பிளேட்டில், தேவாலயம், கோட்டை, நகர மன்றம் என்று பிரஷ்யாவில் நின்ற பழைய கட்டடங்கள் பலவற்றை அவர் ஆட்கள் பிடித்து அடைத்தார்கள். கிட்டத்தட்ட 20,000 பிளேட். இடிந்தால் திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். அடுத்த அரை நூற்றாண்டில் ஜெர்மனி அந்த வாதத்தை நிரூபிக்க வேண்டிய அளவுக்கு மேலேயே இடிபாடுகளைத் தயாரித்துக் கொடுத்தது.

பிரெஞ்சுக்காரர்கள் இதைப் படித்தால் கோபப்படுவார்கள். அவர்களிடம் எமே லோஸ்தா என்ற ராணுவப் பொறியாளர் இருந்தார். படத்திலிருந்து வரைபடம் போடும் வேலையை மைடன்பாவருக்கு முன்பே தொடங்கிவிட்டவர். ஆனால் அவர் எங்கிருந்தும் விழப் பார்க்கவில்லை, கதைக்கு உதவமாட்டார். உதவக்கூடியவர் நாடார். அந்தச் சாதிப்பெயர் இல்லை. பாரிஸில் பிரபலப் புகைப்படக்காரர் வைத்துக்கொண்ட புனைபெயர். பலூனில் ஏறி மேலிருந்து படம் பிடித்தால் நில அளவைக்காரர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று அதே 1858-இல் அவர் காப்புரிமை வாங்கினார். மேலே போனார், படம் பிடித்தார், பிளேட் முழுக்கக் கறுப்பு. மறுபடி போனார், மறுபடி கறுப்பு. பலூனின் வாயிலிருந்து கசிந்த வாயு பிளேட்டின் மேல் பூசிய ரசாயனத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. கடைசியில் வாயை மூடிக்கொண்டு பறந்தார் — பலூனின் வாயைத்தான்; தன் வாயை மூடிப் பழக்கப்பட்டவர் இல்லை அவர். பலூன் எழும்பாமல் அடம் பிடிக்க, பாரம் குறைக்கத் தன் உடுப்புகளைக் கழற்றிப் போட்டதாக அவரே பின்னாளில் எழுதினார். கிடைத்தது மங்கலான ஒரு படம்: ஒரு பண்ணை, ஒரு சத்திரம், ஒரு போலீஸ் நிலையம். நில அளவைக்காரர்கள் வேலையில் நீடித்தார்கள்.

இனி 80 வருடம் தாண்டி 1940-க்கு, இரண்டாம் உலகப் போருக்கு, வந்துவிடலாம். நடுவில் நடந்தது முக்கியம்தான், ஆனால் எல்லாரும் ஒழுங்காக நடந்துகொண்டார்கள்.

பிரிட்டனுக்காக உளவுப் படம் பிடித்த சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலியர் ஒழுங்காக நடந்துகொள்ளாதவர். அவருடைய ஆட்கள் துப்பாக்கி கழற்றிய ஸ்பிட்ஃபயர் விமானத்தில் 30,000 அடி உயரத்துக்குப் போய், அந்த பிப்ரவரியில் ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தைப் படம் பிடித்து வந்தார்கள். யாரும் சுடவில்லை, யாரும் சாகவில்லை. விமானத் துறை அமைச்சக நிபுணர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, படம் ரொம்பச் சின்னது, உபயோகமில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். காட்டன் அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு வெம்பிளியில் இருந்த ஒரு தனியார் நில அளவைக் கம்பெனிக்குப் போனார். அங்கே வைல்ட் என்ற சுவிஸ் இயந்திரம் ஒன்றும், மைக்கேல் ஸ்பெண்டர் என்ற அளவையாளரும் இருந்தார்கள். ஸ்பெண்டர் 1935-இல் எவரெஸ்ட் பயணத்தில் மலையையே படம் பிடித்து அளந்தவர்; மலைக்குப் பிறகு கப்பல் அவருக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இயந்திரத்தில் இரண்டு படங்களைச் சேர்த்து வைத்து, துறைமுகத்தில் நின்ற கப்பல்களை அளந்து, வரைபடமே போட்டுக் கொடுத்துவிட்டார். அப்போது கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சிலுக்கு இது தெரிந்தது. விமானத் துறைக்கு அந்தக் கம்பெனி வேண்டாமென்றால் நான் எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் ஒரு வார்த்தை எழுத, அதுவரை உபயோகமில்லாமல் இருந்தது திடீரென்று மிக அவசியமாகிவிட்டது. பக்கத்துத் துறை கேட்டால்தான் நம் துறைக்குப் பொருளின் அருமை தெரியும்; லண்டனும் இதில் நம் ஊர்தான்.

இந்தக் கூட்டமெல்லாம் பிறகு இங்கிலாந்தின் மெட்மென்ஹாமில் ஒரு மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே விமானப் பிரிவுக்குத் தலைமை கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித் என்ற இளம்பெண். போருக்கு முன் தொப்பி வடிவமைப்பாளர் ஒருவரிடம் வேலை பார்த்து, வோக் பத்திரிகைக்கும் வேலை செய்து, பிறகு விமானப் பத்திரிகையில் எழுதியவர். தொப்பியிலிருந்து விமானத்துக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடாது. இரண்டிலும் விளிம்பின் வடிவத்தைப் பார்த்தே யார் செய்தது என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் வேலை.

1943 ஜூனில் பால்டிக் கடற்கரையில் பீனமுண்டே என்ற இடத்தின் படத்தில் வால் இல்லாத விமானங்கள் சிலவற்றை அவர் கண்டுபிடித்தார். இறக்கை நீளம் சுமார் 30 அடி என்று அளந்து, பீனமுண்டே 30 என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைப்பதில் கற்பனை வறட்சி, அளப்பதில் அப்படியில்லை: அது மெசர்ஷ்மிட் 163, உண்மையான இறக்கை நீளம் 30 அடிக்குச் சில அங்குலம் கூட. நவம்பரில், பைலட் இல்லாத மிகச் சின்ன விமானம் ஒன்று இருக்கலாம், தேடு என்றார்கள். முன்பே எல்லாரும் பார்த்து மூட்டை கட்டிய பழைய படங்களை அவர் மறுபடி விரித்தார். விமானக் கொட்டகைகளுக்குப் பின்னால் ஒரு மூலையில், அபத்தமான சிறுமையில், ஒரு சிலுவை. பீனமுண்டே 20. அதுதான் வி-1 என்ற பறக்கும் குண்டு.

அந்தச் சிலுவை எத்தனை சிறியது என்று ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். 30,000 அடி உயரம், 20 அங்குல லென்ஸ். அடியை அங்குலமாக்கி வகுத்தால் படத்தில் எதுவும் 18,000-இல் ஒரு பங்கு. 20 அடி இறக்கை படத்தில் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. வி-1-இன் உண்மையான இறக்கை நீளம் 17 அடி 6 அங்குலம் சொச்சம். படத்தில் இந்த வித்தியாசம் தலைமுடியின் பாதித் தடிமன் இருக்கும். அதற்கு மேல் அந்தப் பெண்ணிடம் துல்லியம் கேட்பவர் தையல்காரரிடம் ஒருமுறை போய் வரவும். உயரமானி காட்டிய உயரத்தை மட்டும் நம்பியும் அளக்க முடியாது, அது முன்னே பின்னே இருக்கும். அதே படத்தில் ஏற்கெனவே அளவு தெரிந்த கட்டடமோ விமானமோ இருந்தால் அதை வைத்து விகிதத்தைச் சரிபார்ப்பார்கள். தொழிலே அதுதான்: தெரிந்ததன் பக்கத்தில் தெரியாததை நிறுத்து.

ஆனால் அளந்து கொடுத்தாலும் பெரியவர்கள் நம்பவேண்டுமே. அதே ஜூனில், அதே பீனமுண்டேயில், வெள்ளையாக, வாலில் துடுப்புகளோடு, பெரிய ராக்கெட் ஒன்று படுத்திருப்பது படத்தில் தெரிந்தது. நீளமும் குறுக்களவும் அளந்தாயிற்று. சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகர் செர்வெல் பிரபு படத்தைப் பார்த்து, இது ஜெர்மன்காரன் நம்மை ஏமாற்றப் படுக்கப்போட்ட பொம்மை என்றார். காரணம் இருந்தது. அந்த அளவு ராக்கெட் என்றால் 80 டன் வரை எடை வரும் என்று நிபுணர்கள் கணக்குச் சொன்னார்கள்; தங்களுக்குத் தெரிந்த வெடிமருந்துத் திரியைத்தான் உள்ளே கற்பனை செய்திருந்தார்கள். அப்படி ஒன்று பறக்காது, ஆகவே அது இல்லை. ஜெர்மன்காரன் உள்ளே ஊற்றி வைத்திருந்தது ஆல்கஹாலும் திரவ ஆக்ஸிஜனும். மொத்த எடை 13 டன்னைத் தாண்டவில்லை. படம் நீளத்தைச் சொன்னது. வயிற்றில் என்ன இருக்கிறது என்று அது சொல்லவில்லை, இவர்கள் கேட்கவும் இல்லை. ஆர். வி. ஜோன்ஸ் என்ற இளம் விஞ்ஞானி, தன் பழைய ஆசிரியரான செர்வெலையே அமைச்சரவைக் குழுவின் முன்னால் மறுத்துப் பேசினார். ஆகஸ்டில் சுமார் 600 குண்டுவீச்சு விமானங்கள் பீனமுண்டேக்குப் போயின. பொம்மைக்குக் கொஞ்சம் அதிகப்படியான மரியாதைதான்.

இனி நிஜப் பொம்மைக்கு வருவோம்.

மெட்மென்ஹாம் பரம்பரையில் வந்த விமானப்படையின் படப் பகுப்பாய்வு மையத்திடம், போரெல்லாம் ஓய்ந்த பிறகு, ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் வாழ்வதாகச் சொல்லப்பட்ட பூதத்தின் திரைப்படச் சுருளைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 1960-இல் டிம் டின்ஸ்டேல் என்ற பொறியாளர் பிடித்தது. அவர்கள் சிரத்தையாக அளந்து, 1966-இல், அநேகமாக உயிருள்ள ஏதோ ஒன்று என்று அறிக்கை கொடுத்தார்கள். ஆனால் நெஸ் ஏரி விவகாரத்தில் எனக்குப் பிடித்த அளவீடு அது கிடையாது.

1933 டிசம்பரில் டெய்லி மெயில் பத்திரிகை, மார்மடூக் வெதரல் என்ற வேட்டைக்காரரைக் கூலிக்கு அமர்த்தி ஏரிக்கு அனுப்பியது. கொடுத்த காசுக்கு அவர் சில நாளிலேயே பூதத்தின் காலடித் தடத்தைக் கண்டுபிடித்தார். தடத்தின் அச்சு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனது. அவர்கள் சொன்ன தீர்ப்பு: நீர்யானைக் கால், எல்லாத் தடமும் ஒரே கால். அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை வீடுகளில் குடை செருகி வைக்க நீர்யானைக் காலைப் பதப்படுத்தி வைத்திருப்பார்கள். ஊரே சிரித்தது. வெதரல் சும்மா இருக்கவில்லை. பூதம்தானே வேண்டும், தருகிறேன் என்று முடிவு கட்டினார். மகன் வுல்வொர்த் கடையில் பொம்மை நீர்மூழ்கிக் கப்பல் வாங்கினான். மனைவியின் முந்தைய மணத்து மகன் கிறிஸ்டியன் ஸ்பர்லிங் மரப் புட்டியில் கழுத்தும் தலையும் செய்து அதன் முதுகில் ஒட்டினான். உயரம் ஒரு அடி. ஏரியில் மிதக்கவிட்டுப் படம் எடுத்தார்கள். யாரோ காவல்காரர் வரும் சத்தம் கேட்டதும் வெதரல் பூதத்தைக் காலால் மிதித்துத் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டார்.

வெதரல் பெயரில் படம் வந்தால் நாய்கூட நம்பாது. அதனால் நண்பர் ஒருவர் வழியாக அது லண்டனில் தொழில் செய்த ராபர்ட் கென்னத் வில்சன் என்ற மகளிர் நோய் மருத்துவர் கைக்குப் போனது. 1934 ஏப்ரல் 21 அன்று டெய்லி மெயில் அதை வெளியிட்டது. டாக்டர் பொய் சொல்வாரா? 60 வருடம் உலகம் அந்த ஒரு கேள்வியிலேயே உட்கார்ந்திருந்தது. பத்திரிகையில் வந்தபோது படத்தை ஓரம் வெட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். பூதம் சட்டம் நிறைய நின்றது. வெட்டாத படத்தில் அது பரந்த தண்ணீருக்கு நடுவே ஒரு குச்சி. கரையும் போய், பக்கத்தில் அளவு தெரிந்த பொருள் ஒன்றுகூட மிச்சமில்லை.

இங்கேதான் பால் லெபிளாண்ட் வருகிறார். கனடாவில் கடலியல் பேராசிரியர், ஊர்ப்பட்ட படிப்பு. 1987-இல் அவரும் காலின்ஸ் என்ற இன்னொருவரும் இந்தப் படத்தை அளந்தார்கள். ஒப்பிட ஒன்றும் இல்லையே என்றபோது, தண்ணீர் இருக்கிறதே என்றார்கள். உண்மையிலேயே அழகான யோசனை, இதைக் கிண்டல் செய்ய மனம் வரவில்லை. இந்தக் காற்றுக்கு இப்படிப்பட்ட அலை எழும், அலைக்கு அலை இவ்வளவு இடைவெளி இருக்கும் என்று கடலியல் கணக்குப் போட்டு, அந்த அலையையே அடிக்கோலாக்கி, கழுத்தின் உயரத்தைக் கண்டுபிடித்தார்கள். விடை 1.2 மீட்டர். நாலு அடி.

மகன் வெதரல் இதெல்லாம் எங்கள் அப்பா செய்த வேலை என்று 1975-இலேயே ஒரு லண்டன் பத்திரிகையில் சொல்லியிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1993-இல் இறப்பதற்கு முன் ஸ்பர்லிங்கும் ஒப்புக்கொண்டார். மறு வருடம் அது செய்தியான பிறகுதான் உலகம் நாக்கைக் கடித்துக்கொண்டது.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஒருகாலத்தில் தொப்பி வேலை பார்த்த பெண், ஆறு மைல் உயரத்திலிருந்து எடுத்த படத்தில், தலைமுடி அளவுக்குத்தான் பிசகினார். எட்ட நின்று கரையிலிருந்தே எடுத்த படத்தில் பேராசிரியர்கள் நாலு மடங்கு பிசகினார்கள். ராக்கெட்டைப் பொம்மை என்றவர் ஒரு பிரபு. பொம்மையைப் பூதமாக்கியது ஒரு டாக்டர்.

நெஸ் ஏரிக்கரைக்கு இன்றைக்கும் கூட்டம் போகிறது. ஞாபகார்த்தக் கடைகளில் பூதப் பொம்மைகள் பல அளவில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாங்குவதென்றால் ஒரு அடி உயரத்தில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் அதைச் சின்ன மாதிரி என்று சொல்லி விற்பார். அதுதான் அசல் அளவு.